இம்பிளான்ட் பல்லும் நோயாளியின் சொந்த இரத்தமும்

டெங்குக் காய்ச்சல் பரவும் ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் எங்கள் புறநோயாளிப் பிரிவில் அதிகம் ஒலிக்கும் சொல் 'பிளேட்லெட்'. எத்தனை ஆயிரம், ஏறியதா, இறங்கியதா என்று உறவினர்கள் செவிலியரிடம் மணிக்கொரு முறை கேட்பார்கள். தமிழில் தட்டணு எனப்படும் அது குறைந்தால் ஆபத்து என்பது இன்று வீட்டுக்கு வீடு தெரிந்த செய்தி. அதே தட்டணுவைப் பற்றி, காய்ச்சலோடு தொடர்பே இல்லாத வேறொரு கேள்வியுடன் அண்மைக்காலமாகச் சிலர் என்னிடம் வருகிறார்கள். "எங்க இரத்தத்தையே எடுத்து ஈறுக்குள்ள வைச்சா இம்பிளான்ட் பல்லு சீக்கிரம் கூடிடும்னு சொல்றாங்களே டாக்டர், நிஜந்தானா?"

நான் பல் மருத்துவன் அல்லன். பொது மருத்துவத்தில் மேற்படிப்புப் படித்தவன். ஆயினும் இக்கேள்வி என் மேசைக்கு வருவதற்குக் காரணம் உண்டு. நீரிழிவு, இரத்த அழுத்தம், இதயநோய் உள்ளவர்களுக்கு இம்பிளான்ட் பொருத்துவதற்கு முன், அவர்களுடைய உடல் அதற்குத் தகுதியாக உள்ளதா என்று அறிய நம் பல் மருத்துவப் பிரிவினர் என்னிடம் அனுப்பிவைப்பது வழக்கம். ஒரு கையெழுத்துக்காகப் பத்து நிமிடம் என்று எண்ணி வருபவர்கள் பல வேளைகளில் அரைமணி நேரம் உட்கார நேர்ந்துவிடும்.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் அவ்வாறு வந்தவர்களில் ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவரும் அவருடைய மகனும் இருந்தனர். அம்மையாருக்கு வயது அறுபத்திரண்டு. கீழ்த்தாடையின் வலப்பக்கக் கடைவாய்ப் பல் போய் இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஒரு பக்கமாகவே மென்று மென்று இடப்பக்கத் தாடையிலும் வலி தொடங்கிவிட்டது. மகன் துபாயிலிருந்து மூன்று வார விடுப்பில் வந்திருந்தார். தாம் திரும்புவதற்குள் தாயாருக்குப் பல் கட்டிப் பார்த்துவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பரிசோதனை முடிவு வந்தது. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 9.8. இப்போது வேண்டாம் என்றேன். மகன் விடவில்லை. "சர்க்கரை இருக்கிறவங்களுக்காகத்தானே டாக்டர் இந்த இரத்தச் சிகிச்சையே வந்திருக்கு? எவ்வளவு ஆனாலும் பரவாயில்லை, அதையும் சேர்த்தே செஞ்சிடுங்க."

அவர் கேட்டதில் அன்பும் இருந்தது. எங்கோ படித்த அரைகுறைச் செய்தியும் இருந்தது. அவருக்கு அன்று நான் சொன்ன விடையைச் சற்று விரிவாக இங்கே எழுதுகிறேன்.

இம்பிளான்ட் என்பது தாடை எலும்புக்குள் பொருத்தப்படும் டைட்டானியத் திருகு. பல்லுக்கு மாற்றாக அல்ல, பல்லின் வேருக்கு மாற்றாக வைக்கப்படுவது. அது எலும்போடு ஒன்றிய பிறகுதான் அதன் மேல் பல்லைக் கட்டுவார்கள். இந்த ஒன்றுதலைக் கண்டறிந்தவர் சுவீடன் நாட்டு மருத்துவர் பெர்-இங்வார் பிரோனமார்க். 1950களின் தொடக்கத்தில் லுண்ட் நகரில் அவர் செய்துகொண்டிருந்தது பல் ஆராய்ச்சி அன்று, இரத்த ஆராய்ச்சி. எலும்பு மஜ்ஜைக்குள் இரத்தம் எவ்வாறு ஓடுகிறது என்பதை உயிருள்ள முயலின் கால் எலும்பிலேயே காண்பதற்காக, டைட்டானியத்தால் ஆன சிறு நோக்குக் கருவி ஒன்றை அதனுள் பொருத்தினார். ஆய்வு முடிந்து அதை எடுக்க முயன்றபோது எடுக்க முடியவில்லை. எலும்பு உலோகத்தைத் தன்னோடு சேர்த்துக்கொண்டிருந்தது. 1965இல் முதல் மனித நோயாளிக்கு அவர் பொருத்திய இம்பிளான்ட்கள் அம்மனிதர் இறக்கும்வரை, நாற்பது ஆண்டுகள், பயன்பட்டன. இரத்தத்தைப் பார்க்கப் புறப்பட்டவர் எலும்பின் இயல்பைக் கண்டுபிடித்தார் என்பதை மாணவர்களுக்குச் சொல்லும்போதெல்லாம் எனக்கு ஒரு தனி மகிழ்ச்சி.

அந்தச் சேர்க்கை ஒரே நாளில் நிகழ்வதில்லை. திருகைப் பொருத்திய அன்று அது உறுதியாக நிற்பது, சுவரில் அடித்த ஆணி நிற்பதைப் போன்றதே. வெறும் இறுக்கத்தால் வந்த உறுதி. அடுத்து வரும் நாள்களில் திருகைச் சுற்றியுள்ள பழைய எலும்பின் மெல்லிய விளிம்பு கரையத் தொடங்குகிறது. அவ்விடத்தில் புது எலும்பு முளைக்கிறது. கரைவது முந்திக்கொண்டு, முளைப்பது இன்னும் முற்றாதிருக்கும் மூன்று, நான்கு வாரக் காலத்தில்தான் திருகின் உறுதி மிகக் குறைவாக இருக்கும். வலி போய்விட்டது, வீக்கம் வடிந்துவிட்டது என்று நோயாளி முறுக்கைக் கடிக்கத் துணிவதும் பெரும்பாலும் அந்த வாரங்களில்தான். கீழ்த்தாடையில் ஏறத்தாழ மூன்று மாதமும், எலும்பு மென்மையான மேல்தாடையில் அதைவிடக் கூடுதலாகவும் காத்திருக்கச் சொல்வது இதனால்தான்.

இரத்தத்தின் வேலை இதற்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. உடலில் எங்கே காயம் பட்டாலும் முதலில் அங்கே வந்து சேர்வது இரத்தமே. தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன, ஃபைப்ரின் என்னும் புரத இழைகள் வலைபோல் பின்னிக்கொள்கின்றன, இரத்தம் உறைகிறது. உறைவு என்றால் கசிவை அடைக்கும் அடைப்பு என்று மட்டுமே பலர் எண்ணுகிறார்கள். தட்டணுக்களுக்குள் நுண்ணிய பைகள் உள்ளன. அவை உடையும்போது வெளிவரும் வளர்ச்சிக் காரணிகள் என்ற பொருள்கள், புது இரத்தக் குழாய்கள் முளைக்கவும் திசுக்களை உருவாக்கும் செல்கள் அவ்விடத்துக்கு வந்து பெருகவும் தூண்டுகின்றன. ஃபைப்ரின் வலையோ, வரும் செல்கள் பற்றிக்கொண்டு ஏறுவதற்குக் கட்டடச் சாரம்போல் நிற்கிறது. ஆக, உறைந்த இரத்தமே காயத்துக்கு இயற்கை இட்ட முதல் மருந்து.

அப்படியானால் அந்த மருந்தைச் செறிவாக்கிக் காயத்தில் வைத்தால் என்ன? இந்தக் கேள்வியிலிருந்து பிறந்ததே இம்முறை. 1998இல் அமெரிக்காவின் மியாமியைச் சேர்ந்த இராபர்ட் மார்க்ஸும் அவருடைய குழுவினரும், தட்டணுக்கள் செறிந்த இரத்தநீரைத் தாடை எலும்பு ஒட்டு அறுவையில் பயன்படுத்திக் கட்டுரை வெளியிட்டனர். அந்த முறையில் இரத்தம் உறையாதிருக்க ஒரு மருந்தும், பின்னர் அதை மீண்டும் உறையச் செய்ய மாட்டின் இரத்தத்திலிருந்து எடுத்த திராம்பினும் சேர்க்கவேண்டியிருந்தது. அந்தத் திராம்பினை எதிர்த்து, அரிதாகச் சிலருடைய உடல் எதிர்ப்பொருள்களை உருவாக்கிவிடுவதும் உண்டு; அப்போது அவர்களுடைய இரத்தத்தின் உறையும் தன்மையே பாதிக்கப்படும். 2001இல் பிரான்சு நாட்டு மருத்துவர் ஜோசப் ஷுக்ரூன் இந்த இரண்டையும் விலக்கிவிட்டார். எந்தப் பொருளும் கலவாமல், எடுத்த இரத்தத்தை உடனே சுழற்றி, அது தானாக உறையும்படி விட்டார். பி.ஆர்.எஃப். என்ற சுருக்கப்பெயரால் இன்று அழைக்கப்படும் ஃபைப்ரின் உறைவு அதுவே. பல் மருத்துவத்தில் தற்போது பெரிதும் புழங்குவது இதுதான். இதன் சாயலில் வேறு பெயர்களிலும் சில முறைகள் உள்ளன.

செய்முறையைக் காண விரும்பி ஒரு நாள் பல் மருத்துவப் பிரிவுக்கே சென்று நின்றேன். முழங்கை மடிப்பில் வழக்கமான இரத்தப் பரிசோதனைக்கு எடுப்பதுபோலவே இரத்தம் எடுக்கிறார்கள். ஒரு குழாய்க்கு ஏறத்தாழ 10 மில்லி. தேவைக்கேற்ப இரண்டு முதல் ஆறு குழாய்கள். ஒரு முறை இரத்ததானம் செய்பவர் குறைந்தது 350 மில்லி கொடுக்கிறார் என்பதை எண்ணிப் பார்த்தால் இது சிறிய அளவே. 'இரத்தம் உறிஞ்சிடுவாங்களோ' என்ற அச்சம் வேண்டியதில்லை. குழாய்கள் இதற்கென்றே தயாரிக்கப்பட்டவையாக இருக்கவேண்டும். எடுத்த கையோடு, இரண்டு நிமிடத்துக்குள், அவை சென்ட்ரிஃபியூஜ் என்னும் சுழற்று கருவிக்குள் சென்றாக வேண்டும்; தாமதித்தால் குழாய்க்குள்ளேயே தாறுமாறாக உறைந்துவிடும். நிமிடத்துக்கு ஏறத்தாழ 2,700 சுற்றுகள், 12 நிமிடம் என்பது பரவலான ஒரு கணக்கு.

கருவி நின்றதும் குழாயை வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார் பல் மருத்துவர். அடியில் செவ்வணுக்கள், மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்த நீர், நடுவில் இளநீர் வழுக்கையைப் போலக் குழைந்து, மஞ்சள் பாரித்த ஒரு திரள். அதை இடுக்கியால் எடுத்து, ஒட்டியிருந்த சிவப்பைக் கத்தரித்து, ஒரு சிறு பெட்டியில் வைத்து மெதுவாக அழுத்தினார். ஈரமான மெல்லிய தோல்போன்ற படலம் கிடைத்தது. சிவப்பை முழுவதும் நீக்கவில்லை, எல்லையில் சிறிதளவு விட்டுவைத்தார். தட்டணுக்களும் வெள்ளணுக்களும் மிகுதியாகத் திரண்டிருப்பது அந்த எல்லையில்தான் என்றார். அந்தப் படலத்தைத் திருகின் மேல் ஈறுக்கு அடியில் விரிப்பார்கள். எலும்புத் துகளோடு கலந்து பள்ளத்தில் நிரப்புவதும் உண்டு. அது ஒரு வாரத்துக்கும் மேலாக வளர்ச்சிக் காரணிகளைச் சிறிது சிறிதாக வெளியிட்டுக்கொண்டிருக்கும். ஒவ்வொரு குழாயிலும் நோயாளியின் பெயரும் எண்ணும் எழுதி ஒட்டப்பட்டிருந்தன. ஒருவருடைய இரத்தம் இன்னொருவருக்குப் போய்விடக்கூடாது என்பதில் இரத்த வங்கியில் காட்டும் கண்டிப்பு இங்கும் வேண்டும்.

இனி, பலன். சொந்த இரத்தம் என்பதால் ஒவ்வாமை இல்லை. பிறரிடமிருந்து தொற்று வரும் வாய்ப்பில்லை. ஈறு விரைவாக மூடுகிறது. முதல் சில நாள்களின் வலியும் வீக்கமும் குறைகின்றன. ஞானப்பல் பிடுங்கிய குழியில் உறைவு கழன்று, எலும்பு வெளியே தெரிந்து, இரவெல்லாம் காதுவரை குடையும் வலி சிலருக்கு வரும். டிரை சாக்கெட் என்பார்கள். அது வருவதை இந்த ஃபைப்ரின் உறைவு குறைக்கிறது என்பதற்கு நல்ல சான்றுகள் உள்ளன. மேல்தாடையின் பின்பகுதியில் எலும்பை உயர்த்தும் அறுவையில் சைனஸ் அறையின் மெல்லிய சவ்வு சிறிது கிழிந்துவிட்டால், அதை ஒட்டி மூடவும் இப்படலம் உதவுகிறது.

எலும்பு என்று வரும்போது என் குரல் சற்றுத் தாழும். திருகு எலும்போடு சேரும் முதல் சில வாரங்களில் அதன் உறுதி ஓரளவு கூடியிருப்பதாகச் சில ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பல ஆண்டுகள் கழித்து இம்பிளான்ட் நிலைத்திருக்கிறதா என்று கணக்கெடுத்தால், இரத்தச் செறிவு வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் பெரிய வேறுபாடு நிறுவப்படவில்லை. இதில் வியப்பில்லை. நல்ல எலும்பும் நல்ல உடல்நிலையும் உள்ளவர்களுக்கு இம்பிளான்ட் எப்படியும் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கும் மேற்பட்டோரிடம் நிலைத்துவிடுகிறது. ஏற்கெனவே நன்றாக நடப்பதை இன்னும் எவ்வளவுதான் உயர்த்த முடியும்? எலும்பே தேய்ந்து போன இடத்தில் இது தனியாக எலும்பை வளர்த்துவிடாது. மூன்று மாதத்தை மூன்று வாரமாகச் சுருக்காது. என் சொந்தப் பல்லுக்கே சிகிச்சை என்றால், நல்ல எலும்பில் ஒற்றை இம்பிளான்ட் வைக்க இதற்கெனத் தனிக் கட்டணம் கொடுக்கமாட்டேன். பல்லைப் பிடுங்கிய குழியில் எலும்புத் துகள் நிரப்ப நேர்ந்தால் மறுக்காமல் கொடுப்பேன்.

ஆசிரியையின் மகன் கேட்டதற்கு வருகிறேன். சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் வெள்ளணுக்கள் கிருமியை எதிர்க்கும் ஆற்றல் குறைகிறது. நுண்ணிய இரத்தக் குழாய்கள் பழுதுபடுகின்றன. புது எலும்பு உருவாவது மந்தமாகிறது. இரத்தச் செறிவு அதே நோயாளியின் அதே இரத்தத்திலிருந்துதான் வருகிறது. காயத்தில் வைத்த படலம் ஒன்றிரண்டு வாரத்தில் கரைந்துவிடும். எலும்பு சேரவேண்டிய மூன்று மாதமும் அந்த எலும்பை ஊட்டப்போவது சர்க்கரை கலந்த இரத்தமே. "வயலுக்குத் தண்ணீர் கட்டாம, நாத்துக்கு மட்டும் உரம் போட்டா எப்படித் தம்பி?" என்றேன். மகனுக்கு முகம் வாடிவிட்டது. விடுப்பு முடிந்து, தாயாருக்குப் பல் கட்டாமலே ஊர் திரும்பினார். அவர் அன்று என்மேல் கோபமாகத்தான் போனார்.

புகைப்பவர்களுக்கும் புகையிலை மெல்லுபவர்களுக்கும் இதே விடைதான். நிக்கோட்டின் ஈறின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. காலையில் படலம் வைத்துவிட்டு மாலையில் பீடி பற்றவைத்தால் செய்த வேலை வீண்.

அம்மையார் மாத்திரைகளை மாற்றிக்கொண்டார். மாலை நடையைத் தொடங்கினார். ஈறு நோய்க்கும் சிகிச்சை பெற்றார். தீபாவளி கழிந்து வந்தபோது அளவு 7.2. மகிழ்ச்சியோடு கையெழுத்திட்டு அனுப்பினேன். அன்று பிற்பகல் பல் மருத்துவப் பிரிவிலிருந்து தொலைபேசி. "ஞாயித்துக்கிழமை தோறும் ஒரு எலும்பு மாத்திரை போடறாங்களாமே, பார்த்தீங்களா சார்?"

பார்க்கவில்லை. நான் கேட்கவும் இல்லை. சர்க்கரை, இரத்த அழுத்தம், கொழுப்பு என்று தினமும் உட்கொள்ளும் மாத்திரைகளை எல்லாம் எழுதிக்கொண்ட நான், வாரம் ஒருமுறை போடுவது உண்டா என்று கேட்கத் தவறினேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் மணிக்கட்டு முறிந்தபோது, எலும்பு அடர்த்தி குறைந்திருப்பதாகக் கண்டு வேறோர் மருத்துவர் எழுதிக்கொடுத்த அலென்ட்ரோனேட் மாத்திரை அது. தினமும் போடாததால் அம்மையார் அதை மருந்துக் கணக்கிலேயே சேர்க்கவில்லை. இவ்வகை மருந்துகள் எலும்பு கரைவதைத் தடுப்பவை. ஆனால் பழையது கரைந்து புதியது முளைக்கும் அந்த இயல்பான வேலையும் இவற்றால் மந்தப்படுகிறது. எனவே பல் பிடுங்கிய அல்லது துளையிட்ட இடத்தில் தாடை எலும்பு ஆறாமல், சில வேளை அழுகியும் போகலாம். புற்றுநோய்க்காக இவற்றை ஊசியாகப் பெறுவோருக்கு இந்த ஆபத்து அதிகம். எலும்பு மெலிவுக்காக மாத்திரையாக உட்கொள்வோருக்கு மிகக் குறைவு, ஆண்டுகள் கூடக் கூடச் சற்று ஏறும். அம்மையாருக்கு இரண்டே ஆண்டுகள். ஸ்டீராய்டு எதுவும் இல்லை. எலும்பு மருத்துவரையும் கலந்து பேசி, ஆபத்தை அவருக்கும் தொலைபேசி வழியே மகனுக்கும் சொல்லி, அதன் பிறகே நாள் குறித்தோம். பல் மருத்துவர் அந்தக் கேள்வியைக் கேட்டிராவிட்டால், என் கையெழுத்தை நம்பி, யாரும் எதையும் அறியாமலே துளையிட்டிருப்பார்கள். அன்றிலிருந்து 'வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று, ஆண்டுக்கு ஓர் ஊசி உண்டா?' என்ற வரியை என் படிவத்தில் சேர்த்திருக்கிறேன்.

இரத்தச் செறிவு பற்றிக் கேட்க வரும்போது, மருந்துச் சீட்டு மட்டும் போதாது. வீட்டில் உள்ள மாத்திரை அட்டைகள் அனைத்தையும் ஒரு பையில் போட்டு எடுத்து வாருங்கள். தட்டணுக் குறைவோ இரத்தம் உறைவதில் கோளாறோ குடும்பத்தில் இருந்தால் சொல்லுங்கள். ஒரு மைக்ரோலிட்டரில் 1.5 இலட்சம் முதல் 4.5 இலட்சம் வரை தட்டணுக்கள் இருப்பது இயல்பு. அண்மையில் டெங்கு வந்து தேறியவர்கள் எண்ணிக்கை சீரடைந்ததைப் பார்த்துக்கொண்ட பிறகே வரவேண்டும். தலை, கழுத்துப் பகுதியில் கதிர்வீச்சுச் சிகிச்சை பெற்றவர்கள் அதை மறக்காமல் கூறவேண்டும். இரத்தச் செறிவுக்குத் தனிக் கட்டணம் எவ்வளவு, உங்களுக்கு அதனால் எதிர்பார்க்கும் பலன் என்ன என்ற இரண்டையும் பல் மருத்துவரிடம் நேரடியாகக் கேட்கலாம். கேட்பதால் யாரும் வருந்தமாட்டார்கள்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர்கள், பக்கவாதம் வந்தவர்கள், இரத்தம் உறையாதிருக்க மருந்து உட்கொள்பவர்கள், 'நாளைக்குப் பல் அறுவை' என்று தாமாகவே அதை நிறுத்திவிட்டு வராதீர்கள். ஈறில் வரும் கசிவைப் பஞ்சு வைத்து அழுத்தியும் தையலிட்டும் நிறுத்திவிடலாம். ஸ்டென்டுக்குள் அடைப்பு வந்தால் உயிருக்கே ஆபத்து. உறையாமை மருந்து உட்கொள்பவர்களின் இரத்தத்திலும் ஃபைப்ரின் படலம் எடுக்க முடியும். கருவியில் சற்றுக் கூடுதல் நேரம் சுழற்றவேண்டும், அவ்வளவே.

ஆசிரியைக்குக் கார்த்திகையில் இம்பிளான்ட் பொருத்தினார்கள். எலும்பு மாத்திரை உட்கொள்பவர் என்பதால் ஈறு விரைந்து மூடவேண்டும் என்று கருதி, அவருடைய இரத்தத்திலிருந்தே இரண்டு படலங்கள் எடுத்து வைத்தனர். பத்தாம் நாள் தையல் பிரித்தபோது ஈறு நன்றாக மூடியிருந்தது. படலம் வைக்காதிருந்தாலும் அவ்வாறே மூடியிருக்குமா என்று ஒரே ஒருவரைக் கொண்டு யாரும் சொல்லிவிட முடியாது. நான்கு மாதம் காத்திருந்து பங்குனியில் பல்லைக் கட்டினார்கள். மகன் அந்த வாரம் துபாயிலிருந்து காணொளியில் அழைத்து, தாயார் வலப்பக்கமாக வேர்க்கடலை மெல்வதைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். சென்ற மாதம் சர்க்கரைப் பரிசோதனைக்கு வந்த அம்மையார், நான் கேட்கும் முன்பே கைப்பையைத் திறந்து ஞாயிற்றுக்கிழமை மாத்திரை அட்டையை மேசைமேல் வைத்தார். "இதையும் எழுதிக்கோங்க டாக்டர்." அளவு 7.4. சற்று ஏறியிருக்கிறது, மாம்பழக் காலம் என்றார்.